கவனிக்கப்படாத எட்டாவது வழங்கி

வங்கிக் கருமபீடத்தின் முன்பாகவோ பிரதேச செயலக வரிசையிலோ நிற்கும் பொதுமகனுக்கு, "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. இத்தகைய தடங்கல்கள் எல்லாமே இயந்திரம் பழுதடைவதால் ஏற்படுபவை அல்ல. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வழங்கிக் கணினிகளின் மென்பொருளை இற்றைப்படுத்த முற்படுகையில் நேர்பவையும் அவற்றுள் உள்ளன. இற்றைப்படுத்தல் பிழைத்துப்போவது உலகில் எங்கும் நிகழக்கூடியதே. ஆனால், பிழைத்த பின்னர் சம்பந்தப்பட்டோர் எதைத் தேடினார்கள், எதைத் தொட்டார்கள் என்பதிலேயே இழப்பின் பருமன் தங்கியிருக்கின்றது. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க்கில் நிகழ்ந்ததை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நைட் கெப்பிட்டல் என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை வர்த்தகத்தில் பெரும் பங்கு வகித்த ஒரு நிறுவனம். நியூயோர்க் பங்குச்சந்தை அன்றைய தினம் அறிமுகப்படுத்தவிருந்த புதிய திட்டமொன்றுக்காகத் தனது எட்டு வழங்கிகளிலும் புதிய மென்பொருளை அது சில நாட்களாகவே படிப்படியாக நிறுவிவந்தது. ஏழு வழங்கிகளில் வேலை சரியாக முடிந்தது. எட்டாவதில் புதிய பிரதி இடப்படவேயில்லை. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துமூல விதியும் அங்கிருக்கவில்லை. திருத்திய பக்கம் ஏழு பதிப்புகளில் வெளியாகி, ஒரு மாவட்டப் பதிப்பில் மாத்திரம் பழைய பக்கமே அச்சேறிவிடுவதைப் போன்றது இது. அந்தச் சங்கடத்தைப் பத்திரிகைத் தொழிலில் இருப்போர் நன்கறிவர்.

பத்திரிகையாயின் மறுநாள் திருத்தம் போட்டுவிடலாம். இங்கே நடந்தது வேறு. அந்த வழங்கிகளில் 'பவர் பெக்' என்ற பெயருடைய பழைய மென்பொருட் பகுதியொன்று கிடந்தது. 2003ஆம் ஆண்டுடன் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டிருந்த போதிலும் எவரும் அதனை அகற்றவில்லை. புதிய மென்பொருளை எழுதியவர்களோ, ஒருகாலத்தில் பவர் பெக்கை இயக்குவதற்குப் பயன்பட்ட அதே சமிக்ஞையையே புதிய வேலைக்கும் ஒதுக்கியிருந்தனர். எனவே அச்சமிக்ஞையுடன் வந்த கட்டளை ஏழு வழங்கிகளில் புதிய வேலையைச் செய்தது. எட்டாவதில் ஒன்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்ததைத் தட்டியெழுப்பியது. கட்டளை நிறைவேறிவிட்டதா என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடும் 2005இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தமையால், பழைய பகுதி எப்போது நிறுத்துவது என்று அறியாமல் வாங்குவதும் விற்பதுமாகவே இருந்தது.

சந்தை காலை 9.30க்குத் திறந்தது. அடுத்த 45 நிமிடங்களில், வாடிக்கையாளர்களின் 212 கட்டளைகளை நிறைவேற்றப் புகுந்த அந்த அமைப்பு, 154 நிறுவனங்களின் 397 மில்லியனுக்கும் அதிகமான பங்குகளைக் கைமாற்றியது. நட்டம் 460 மில்லியன் டொலரைத் தாண்டியது.

நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது அந்த 45 நிமிடங்களுக்குள் மேற்கொள்ளப்பட்ட பரிகாரமாகும். புதிய மென்பொருளிலேயே கோளாறு என்று கருதிய பொறியியலாளர்கள், அது சரியாக நிறுவப்பட்டிருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் அதனை நீக்கினார்கள். பழைய நிலைக்குத் திரும்புதல் என்பது பொதுவாகப் புத்திசாலித்தனமான முதற் படிதான். ஆயினும் சமிக்ஞையுடன் கூடிய கட்டளைகள் நிறுத்தப்படாமல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ஆதலால், அதுவரை நலமாக இருந்த ஏழும் பவர் பெக்கை இயக்கத் தொடங்கின. நோய் எட்டுக்கும் பரவியது. மென்பொருளைப் பின்னகர்த்துபவர், அதனுடன் சேர்ந்து மாறியவை எவை, அவையும் பின்னகர்ந்தனவா என்று கேட்டாக வேண்டும். உள்வரும் கட்டளைகளை முதலில் தடுத்து, எட்டு வழங்கிகளின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கமாக ஒப்பிட்டிருந்தால் வேறுபட்ட ஒன்று உடனே கண்ணில் பட்டிருக்கும்.

எச்சரிக்கை கிடைக்கவில்லை என்றும் கூறுவதற்கில்லை. அன்று காலை 8.01 மணியிலிருந்து சந்தை திறப்பதற்குள், பவர் பெக்கின் பெயரைக் குறிப்பிட்டே 97 மின்னஞ்சல்களை அமைப்பு தானாகவே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அபாய அறிவித்தல்களாக வடிவமைக்கப்பட்டவை அல்லவென்பதால் எவரும் பொருட்படுத்தவில்லை. இவ்விபரங்கள் யாவும் அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு 2013 ஒக்டோபரில் வெளியிட்ட கட்டளையில் பதிவாகியுள்ளன. 12 மில்லியன் டொலர் அபராதமும் விதிக்கப்பட்டது. அதற்கிடையில் அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைக்கப்பட்டும் விட்டது.

பிழையைக் கண்டுபிடித்த பின்னரும் மீள முடியாத நிலை உண்டு. 2024 ஜூலை 19ஆம் திகதி, இலங்கை நேரப்படி முற்பகல் 9.39க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட சிறியதொரு கோப்பு உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இது மைக்ரோசொப்ட் தெரிவித்த மதிப்பீடாகும். 78 நிமிடங்களில் அக்கோப்பு மீளப்பெறப்பட்டது. ஆனால் ஏற்கெனவே முடங்கிய கணினி, இயங்கினால் அல்லவா திருத்தத்தைப் பெறும்? பலவற்றைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, அந்த ஒரு கோப்பை மனிதர் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவும் தேவை. அத்திறவுகளைச் சேமித்து வைத்திருந்த வழங்கியும் முடங்கியிருப்பின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைப் படித்துவிட்டு, இற்றைப்படுத்தாமலே இருந்துவிடலாம் என்று எமது அதிகாரிகள் முடிவெடுத்துவிடக் கூடாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினி மீது கப்பம் கோரும் மென்பொருள் ஏவப்பட்டபோது, அரச மின்னஞ்சல்கள் மைக்ரோசொப்ட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. அப்பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. காப்புப் பிரதிகளும் தாக்கத்துக்குள்ளானமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவற்றுள் அமைச்சரவை அலுவலகமும் ஒன்று. எந்தெந்த அரச வழங்கிகள் இன்னமும் ஆதரவற்ற பதிப்புகளில் இயங்குகின்றன, அவற்றின் காப்புப் பிரதிகள் கடைசியாக எப்போது மீட்டெடுத்துப் பரீட்சிக்கப்பட்டன என்று பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் வினா எழுப்புவாராயின், கிடைக்கும் பதிலை முழுமையாகப் பிரசுரிக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.