முதலில் லென்ஸைப் பற்றிக் கேளுங்கள்

சிடி பிளேயருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வட்டைச் சுழற்றி அதில் பதிந்திருக்கும் எண்களை லேசரால் படிப்பது ஒன்று. அந்த எண்களை ஒலியாக மாற்றுவது இன்னொன்று. இரண்டாவதை டாக் என்கிற தனிப் பெட்டியிடம் விட்டுவிட்டு, படிப்பதை மட்டும் செய்யும் கருவிதான் சிடி டிரான்ஸ்போர்ட். பின்பக்கம் டிஜிட்டல் அவுட் மட்டும் இருக்கும். விலை சில பத்தாயிரங்களில் தொடங்கிப் பல லட்சம் வரை போகிறது.

நான் சென்னையில் ஆடியோ சர்வீஸ் பார்ப்பவன். வாங்கப்போகிறவர்கள் கேட்பது, "எதுண்ணே நல்லா பாடும்?" அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அதன் லென்ஸ் பத்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்பது. லேசர், கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் காயில் எல்லாம் சேர்ந்த அந்தச் சின்ன அசெம்பிளியைத்தான் பெஞ்சில் லென்ஸ் என்போம். அது உழைத்துத் தீரும் பொருள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் விலையுயர்ந்த வெளிநாட்டு டிரான்ஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, "லென்ஸ் மட்டும் மாத்திக் குடுங்க தம்பி, செலவு பத்திப் பரவாயில்லை" என்றார். "சார், இந்த மெக்கானிசத்தையே இப்ப யாரும் செய்யறதில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடிமனான அலுமினிய முகப்பு, தனி டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. படிக்கத்தான் கண் இல்லை.

லென்ஸின் உடல்நிலையை ஆஸிலாஸ்கோப்பில் நேராகவே பார்க்கலாம். வட்டிலுள்ள குழிகளும் இடைவெளிகளும் 3 அலகு முதல் 11 அலகு வரை ஒன்பது நீளங்களில் இருக்கின்றன. அவற்றின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழும்போது நடுவே வைர வடிவத்தில் வெற்றிடங்கள் வரிசையாகத் தெரியும். நல்ல லென்ஸ் என்றால் வைரங்களின் ஓரம் கூர்மையாக இருக்கும். சோர்ந்துபோனால் முதலில் ஓரங்கள் மங்கும், அப்புறம் அலையின் உயரம் குறையும். ஆனால் பாட்டு அப்போதும் நன்றாகத்தான் பாடும்!

காரணம், சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980-ல் வகுத்த சிடி தரத்துக்குள்ளேயே இருக்கும் பிழைதிருத்தம். அடுத்தடுத்து வர வேண்டிய தகவலைக் கலைத்துத் தடத்தில் பரப்பி எழுதியிருப்பார்கள். அதனால் தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்திருந்தாலும் கணக்குப் போட்டு முழுதாக மீட்டுவிட முடிகிறது. வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். குறுக்கே விழும் கீறலைத் திருத்திவிடும். தடத்தோடு ஓடும் கீறல் அந்த இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.

எண்கள் எல்லா மெஷினிலும் ஒன்றாகவே வருமென்றால் விலை உயர்ந்ததற்கு என்ன வேலை? எண் சரியாக இருப்பது ஒன்று, அது உரிய நேரத்தில் வருவது வேறு. நொடிக்கு 44,100 முறை வர வேண்டிய எண்கள் இம்மி முன்னே பின்னே வந்தால் அதை ஜிட்டர் என்கிறோம். மிருதங்கத்தில் சொல் எல்லாம் சரியாக இருந்தும், அடி விழும் இடம் மயிரிழை நகர்ந்தால் எப்படியோ, அப்படி. கோஆக்ஸியல், ஆப்டிகல் இரண்டிலும் எண்ணும் நேரமும் ஒரே கம்பியில் கலந்து போவதால், டாக் அந்த நேரத்தைப் பிரித்தெடுத்தாக வேண்டும். இன்றைய நல்ல டாக்குகள் இதைத் திறமையாகவே செய்கின்றன. ஆகவே டாக் சாதாரணமாக இருக்கும்போது டிரான்ஸ்போர்ட்டில் லட்சத்தைக் கொட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்கிலிருந்து வேர்டு கிளாக் வாங்கி, அதன் நேரத்துக்கே ஓடும் டிரான்ஸ்போர்ட்டுகள் உண்டு. உங்கள் டாக்கில் அந்த வசதி இருந்தால் அந்தப் பணம் வீண் போகாது.

வட்டு வழுவழுவெனச் சுழன்றால் ஒலியும் வழுவழுவென வரும் என்று கடைகளில் சொல்வார்கள். அது அப்படி இல்லை. வட்டு உள்பக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் தொடங்கி, விளிம்புக்குப் போகும்போது 200 சுற்றாகக் குறைகிறது. படித்த எண்கள் ஒரு பஃபரில் தங்கி, குவார்ட்ஸ் கடிகாரத்தின் கணக்கில்தான் வெளியே போகும். கனமான மெக்கானிசத்தின் பலன் வேறு: வட்டு ஆடாமல் நின்றால் லென்ஸை ஏற்றி இறக்கும் சர்வோவுக்கு வேலை குறையும், சத்தம் குறையும். டீயாக், எசோட்டரிக் நிறுவனங்களின் விஆர்டிஎஸ் முறையில் வட்டு தன் அகலத்துக்கே உள்ள தட்டோடு அழுத்திப் பிடிக்கப்படுகிறது. கோணலான வட்டைக்கூட அது நிமிர்த்திப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன், அழகான பொறியியல். ஜப்பானின் சிஇசி, மோட்டாரைத் தள்ளி வைத்து பெல்ட்டால் வட்டைச் சுழற்றுகிறது. பிலிப்ஸின் சிடி புரோ 2 ஒருகாலத்தில் உயர்ரகப் பிளேயர்களின் நெஞ்சாக இருந்தது, உற்பத்தி நின்றுவிட்டது. அது உள்ளே இருக்கும் பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால், மாற்று லென்ஸ் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைக்கு உங்கள் வட்டுகளையே எடுத்துப் போங்கள். இருப்பதிலேயே நீளமான, 75 நிமிடத்துக்கு மேல் ஓடும் வட்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் அது விளிம்பில் இருக்கும், வளைவு அங்கேதான் அதிகம். அடுத்து, வீட்டில் எழுதிய சிடி ஒன்று. பழைய மெஷினை வாங்குவதாக இருந்தால், வட்டைப் போட்டதிலிருந்து பாடல் எண்ணிக்கை திரையில் வரும் வரை கவனியுங்கள். தடுமாறித் தடுமாறி வந்தால் லென்ஸ் களைத்திருக்கிறது என்று பொருள்.

1980-களில் ஜப்பானில் அச்சான வட்டுகள் சிலவற்றில் எம்ஃபசிஸ் என்று மேல் ஸ்தாயியைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். அதைத் தணிக்கும்படி சொல்லும் குறியைப் பல புதிய டாக்குகள் பார்ப்பதே இல்லை. ஒலி கீச்சென்று வரும். அப்படிப்பட்ட சேகரிப்பு உள்ளவர்கள் டிரான்ஸ்போர்ட்டே தணித்துத் தருமா என்று கேட்க வேண்டும். எண்ணையும் நேரத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் ஐ ஸ்கொயர் எஸ் இணைப்புக்கு ஆசைப்படுகிறவர்கள், எச்டிஎம்ஐ சாக்கெட்டில் எந்தப் பின்னில் எது வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதை நினைவில் வையுங்கள். சூப்பர் ஆடியோ சிடி எனும் எஸ்ஏசிடியின் உயர்தர அடுக்கைச் சாதாரண சிடி டிரான்ஸ்போர்ட் படிக்காது. ஜப்பான் சந்தைக்கான மெஷின் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால், வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய சிடி பிளேயரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கோஆக்ஸியலோ ஆப்டிகலோ ஒரு டிஜிட்டல் அவுட் இருக்கும். அதை டாக்கில் இணைத்து ஒரு மாதம் கேட்டுவிட்டு, என்ன குறைகிறது என்று தெரிந்தபின் கடைக்குப் போனால் போதும்.