தானே திருந்தும் கடிகாரமும் மலைநாட்டு மழையளவும்

மழையை நம்பியும் மழைக்கு அஞ்சியும் வாழ்வது மலைநாட்டு மக்களின் இயல்பு. கண்டி மாவட்டத்தில் கலஹா, தெல்தோட்டை ஆகிய ஊர்களைத் தாங்கி நிற்கும் மலைச்சாரல் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். இச்சாரலிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டு, இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலினார். தோட்டங்களில் நாள்தோறும் மழையை அளந்து ஏட்டிற் பதிந்து வைத்தல் நெடுங்கால வழக்கம். தோட்ட அலுவலகத்துக்கே உரியதாயிருந்த அப்பணியை இன்று எவரும் தம் வீட்டிலிருந்தே செய்தல் கூடும். கம்பியில்லா முறையில் இயங்கும் சிறிய வானிலை நிலையங்கள் கடைகளில் விற்கப்படுவதே இதற்குக் காரணம்.

இத்தகைய நிலையம் இரு பகுதிகளை உடையது. வெளியே வைக்கப்படும் பகுதி வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், மழை ஆகியவற்றை அளந்து, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை வானொலி அலை மூலம் அனுப்புகின்றது. வீட்டினுள் உள்ள பகுதி அவற்றைப் பெற்றுத் திரையிற் காட்டுவதோடு, வளியமுக்கத்தைத் தானே அளக்கின்றது. பெரும்பாலான கருவிகள் 433 மெகாஹேட்ஸ் அளவிலான மீடிறனைப் பயன்படுத்துகின்றன. திறந்த வெளியில் 100 மீற்றர் வரை செல்லும் இவ்வலை, கருங்கற் சுவரும் தகரக் கூரையும் குறுக்கிடும்போது மிகவும் நலிவடையும். ஆதலின் தகரக் கூரையுள்ள வீடுகளில், வெளிப்பகுதியை நோக்கிய சன்னலோரத்தில் உட்பகுதியை வைத்தல் நன்று. முதலில் வெளிப்பகுதிக்கும் பின்னர் உட்பகுதிக்கும் மின்கலம் இட்டு, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் வரை ஒரே மேசையில் வைத்திருத்தல் வேண்டும்.

இக்கருவிகளின் உறையில் 'தானே நேரந் திருத்தும் கடிகாரம்' என்னும் பொருள்பட எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் இயக்கம் வியப்புக்குரியது. ஜேர்மனியில் பிராங்போட் நகருக்கு அண்மையிலுள்ள மைன்பிளிங்கன் என்னுமிடத்திலிருந்து, 77.5 கிலோஹேட்ஸ் மீடிறனில் ஓர் அலை இடையறாது ஒலிபரப்பப்படுகின்றது. ஒவ்வொரு செக்கனின் தொடக்கத்திலும் அவ்வலையின் வலு சிறிது நேரம் குறைக்கப்படும். அக்குறைவு செக்கனில் பத்திலொரு பங்கு நீடித்தால் அது சுழியம். பத்தில் இரு பங்கு நீடித்தால் அது ஒன்று. இவ்விரு குறிகளாலேயே நிமிடம், மணி, நாள், மாதம், ஆண்டு ஆகிய யாவும் ஒரு நிமிடத்துக்குள் உணர்த்தப்படுகின்றன. நிமிடத்தின் இறுதிச் செக்கனில் குறி எதுவும் இன்மையே அடுத்த நிமிடம் பிறக்கப்போவதற்கு அடையாளம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்திலும், இங்கிலாந்திலும், யப்பானிலும், சீனாவிலும் இவ்வாறான நிலையங்கள் உள்ளன.

ஆயின் இவற்றுள் எதனையும் கலஹாவில் நம்பியிருத்தல் இயலாது. மைன்பிளிங்கன் அலை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தூரம் வரையே பயன்தரும். கண்டியோ அதிலிருந்து 7,000 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. சீன நிலையமும் 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. அலை கிட்டினும் இடர் முற்றாக நீங்காது. இலங்கை நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. முழு மணித்தியாலங்களாக மட்டுமே வேறுபாட்டை அமைக்க இடந்தரும் கருவிகள் பல. அவற்றில் அந்த அரை மணியை அமைக்க வழியில்லை. எனவே இங்கு அலைவாங்கும் வசதியை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைக் கையாலேயே சரிசெய்தல் வேண்டும். கைத்தொலைபேசி காட்டும் நேரத்தை அளவாகக் கொண்டு, மாதத்தின் முதல் நாளில் ஒருமுறை திருத்தினாற் போதும். படிகக் கடிகாரம் ஒரு மாதத்தில் சில செக்கன்களே பிழைபடும். இணையத்தோடு இணையும் நிலையங்கள் அவ்வழியாகவே நேரத்தைப் பெறுவன. அவற்றிற் கொழும்பு நேரத்தைத் தெரிவுசெய்தால் வேறு தொல்லை இல்லை.

நேரம் சிறிது பிழைத்தால் என்ன கேடு என்று வினவுவோர் உளர். கருவி தன் கடிகாரத்தின் நள்ளிரவில் அன்றைய மழைக்கணக்கை முடித்து, மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். மின்கலம் இட்டவுடன் பல கருவிகள் நேரத்தைச் சுழியத்திலிருந்தே எண்ணத் தலைப்படும். ஒருவர் மாலை ஐந்து மணிக்கு மின்கலம் இட்டு, கடிகாரத்தைத் திருத்தாது விட்டாரெனின், அவர் கருவிக்கு நாள்தோறும் மாலை ஐந்து மணியே நள்ளிரவாகும். இடைப்பருவ காலத்தில் மலைநாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே பெய்வது. நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு ஓயும் ஒரே மழை இரண்டு நாட்களின் மழையாகப் பிளவுபட்டுவிடும். 160 மி.மீ. பெய்திருப்பினும் திரையில் 80 மட்டுமே தோன்றும்.

மலைச்சரிவில் வாழ்வோருக்கு இப்பிழை அற்பமானதன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது 24 மணித்தியால மழையையே முதன்மையாகக் கருதுகின்றது. அது 75 மி.மீ. ஐத் தாண்டின் விழிப்பு நிலை, 100 ஐத் தாண்டின் ஆயத்த நிலை, 150 ஐத் தாண்டின் வெளியேற வேண்டிய நிலை என்பது அதன் வரையறை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகளை மண் மூடிய துயரமும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயலால் கண்டி உள்ளிட்ட மலை மாவட்டங்கள் அடைந்த பேரழிவும் மறக்கற்பாலன அல்ல. ஆகவே நள்ளிரவுக் கணக்கை மட்டும் நம்பாது, காலை 8.30 மணிக்கு மொத்த மழையின் அளவைக் குறித்து, முந்திய நாட் குறிப்பிலிருந்து வேறுபாட்டைக் காணுதல் வேண்டும். உலகப் பொதுநேரம் மூன்று மணிக்கு ஒப்பான அந்நேரத்தையே வளிமண்டலவியல் திணைக்களமும் மழைநாளின் எல்லையாகக் கொள்கின்றது. அடைமழையின்போது மூன்று மணிக்கொருமுறை குறித்தல் இன்னும் நன்று.

மழைமானியின் அமைப்பும் அறியத்தக்கது. ஊஞ்சற்பலகை போன்ற இரட்டைக் கிண்ணம் ஒன்று அதனுள் இருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்ட, மற்றது நீரை ஏற்கும். ஒவ்வொரு சாய்வும் ஏறத்தாழ 0.3 மி.மீ. மழையாக எண்ணப்படும். ஓர் இலையோ சிலந்தி வலையோ வாயை அடைத்தால், பெருமழை பெய்யினும் கருவி வாளாவிருக்கும். எனவே கிழமைக்கொருமுறை அதனைத் துப்புரவு செய்தலும், நிழல் மரங்களிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இருமடங்கு விலகி அமைத்தலும் இன்றியமையாதன. வெப்பமானியை நேர்வெயில் படாது, காற்றோட்டமுள்ள வெண்ணிறக் கூட்டினுள், நிலத்திலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீற்றர் வரையான உயரத்தில் வைத்தல் முறை.

வளியமுக்கத்தைப் பொறுத்தவரை இரு செய்திகளை உளங்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, உயரம். கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1010 ஹெக்டோபாஸ்கலாக உள்ள அமுக்கம், 900 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 910 ஆகக் குறைந்துவிடும். வீட்டின் உயரத்தைக் கருவிக்கு அறிவியாவிடின், அது இயல்பான நாளையும் பெரும் புயல் நாளாகக் கருதும். இரண்டாவது, அயனமண்டலத்துக்குரிய அன்றாட ஏற்ற இறக்கம். இங்கு வளியமுக்கம் காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் தாழ்ந்து, இரவிலும் அவ்வாறே ஒருமுறை ஏறி இறங்கும். ஐரோப்பிய வானிலைக்கென அமைந்த கருவி இவ்விறக்கத்தைக் கண்டு, வானம் தெளிந்திருக்கும் பிற்பகலிலும் முகிற் படத்தைக் காட்டக்கூடும். அமுக்கத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டு நோக்கினால் மட்டுமே உண்மையான மாற்றம் புலப்படும். அதற்கும் கடிகாரம் பிழையற்றதாய் இருத்தல் வேண்டும்.

நேரம் என்பது வானத்தால் மட்டுமன்றி அரசின் ஆணையாலும் அமைவது. இலங்கை நேரம் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாளன்றே அது பழைய ஐந்தரை மணி நிலையை மீண்டும் எய்தியது. அக்காலத்து மழைக்குறிப்புகளை ஆராய்வோர் இம்மாற்றங்களையும் கணக்கிற் கொள்ளுதல் கடன். ஏட்டின் முதற் பக்கத்தில் எந்த நேரக் கணக்கு பின்பற்றப்படுகின்றது என்பதை எழுதிவைப்பது பிற்காலத்தார்க்குப் பேருதவியாகும்.

ஒரு வீட்டின் மழைமானி அரசின் எச்சரிக்கைக்கு ஈடாகாது. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகிய அறிகுறிகளைக் கண்டால், மழையளவு யாதாயினும் உடனே விலகிச் செல்லுதலே அறிவுடைமை. எனினும் ஒரு மலைக்குப் பெய்து அடுத்த மலைக்குப் பெய்யாத மழையை, அவ்விடத்து மானி ஒன்றே உள்ளவாறு கூறவல்லது. பாடசாலை ஒன்றிலோ தோட்டக் குடியிருப்பு ஒன்றிலோ இத்தகைய நிலையத்தை நிறுவி, மாணவர் முறைவைத்து அதன் நேரத்தைச் சரிபார்த்து, காலை எட்டரை மணிக்கு அளவைப் பதிந்து வருவாராயின், அவ்வேடு விஞ்ஞான பாடத்துக்கும் ஊரின் காப்புக்கும் ஒருங்கே பயன்படும்.