எகிப்து மன்னன் மூக்கில் மிளகு!

துப்பறியும் நாவலாசிரியர் எழுதிய அதிசய ஆராய்ச்சி

பேளுக்குறிச்சியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும்.

நாமக்கல் மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கு கூடும் வாரச்சந்தை மளிகைச் சாமான்களுக்குப் பெயர் போனது. மிளகு, சீரகம், மல்லி என்று ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போக வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

மலையிலிருந்து இறங்குவது மிளகு மட்டும் அல்ல. கதைகளும் இறங்குகின்றன!

சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை. குகைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருக்கும் சித்தர்கள். தின்றால் நரையும் திரையும் நீங்கிவிடும் கருநெல்லி. கேட்கக் கேட்கச் சுவைதான். கொல்லிப்பாவை சங்கப் பாடல்களிலேயே வருகிறாள். காற்றும் மழையும் அசைக்க முடியாதபடி தெய்வம் அமைத்த பதுமை என்று புலவர்கள் பாடினார்கள்.

இப்படிப்பட்ட மர்மங்கள் நாவலாசிரியர்களுக்கு விருந்து. மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் நவபாஷாண லிங்கத்தை வைத்து எழுதிய 'ரகசியம்' கதை, 1990-களில் 'மர்மதேசம்' தொடராக டெலிவிஷனில் வந்தபோது குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள். பயந்தார்கள். ரசித்தார்கள். மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

கதையைக் கதை என்று சொன்னால் வம்பு இல்லை. அதையே ஆராய்ச்சி என்று சொன்னால்?

இரண்டையும் செய்து பார்த்த தமிழ் எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவர்தான் வடுவூர் துரைசாமி ஐயங்கார்.

சாமியார் துப்பறிகிறார்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள வடுவூர்க்காரர் இவர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டைத் தூங்கவிடாமல் செய்த நாவலாசிரியர்களில் ஒருவர். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோருடன் சேர்த்துச் சொல்லப்படும் பெயர்.

ஆங்கில மர்ம நாவல்களின் கருவை எடுத்துக்கொண்டு கும்பகோணத்து வக்கீலையும் தஞ்சாவூர்ப் பெண்ணையும் அதில் நடமாட விடுவதில் இவர் கெட்டிக்காரர். இவருடைய 'மேனகா' நாடகமாயிற்று. 1935-ல் படமும் ஆயிற்று. என். எஸ். கிருஷ்ணன் நடித்து முதலில் வெளிவந்த படம் அதுதான்.

இவர் படைத்த திகம்பர சாமியார் இன்னும் வேடிக்கையானவர். சாமியாரே துப்பறிவார்! 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக எடுத்தது. எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு வந்தார். பேளுக்குறிச்சிக்குச் சேலம் ஒன்றும் தூரம் இல்லை.

எகிப்தில் ஐயங்கார்!

இதே துரைசாமி ஐயங்கார் ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். பெயர் 'லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ்'. நெடுங்காலமாகக் காணாமற்போன கண்ணிகள் என்று பொருள்.

அதில் அவர் கண்டுபிடித்தது என்ன? பழைய எகிப்தியருக்கும் நம் ஊர் ஐயங்கார்களுக்கும் வமிச உறவு உண்டாம்!

இது நாவல் அல்ல. துப்பு, தடயம், திடீர்த் திருப்பம் என்று நாவலில் கையாண்ட வித்தை எல்லாம் சரித்திரத்தின் மேல் பாய்ந்தது. ஆனால் நாவலில் துப்பை வைப்பவரும் ஆசிரியரே, எடுப்பவரும் ஆசிரியரே. சரித்திரத்தில் அந்த வசதி கிடையாது.

எகிப்தியச் சித்திர எழுத்தை 1822-லேயே ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் படித்துவிட்டார். ராம்சேஸ் என்ற பெயருக்கு 'ரா என்ற சூரியதேவன் பெற்றவன்' என்று பொருள். 'ராமு'வுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஓசை ஒற்றுமையை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிடலாம். பேளுக்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோனியர் கும்பிட்ட தெய்வத்தின் பெயர் பேல். ஆகவே, பாபிலோனியர் மிளகு வாங்க இங்கே வந்து பேலுக்குக் கோயில் கட்டினார்கள். பேலுக்குறிச்சி பேளுக்குறிச்சி ஆயிற்று! ஐந்து நிமிஷத்தில் ஓர் ஆராய்ச்சி தயார். உட்கார்ந்து எழுதினால் 300 பக்கம் வரும். படிக்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

பெயரிலேயே பாஷாணம்

எகிப்து விஷயத்தில் ஏமாந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வைத்திய விஷயத்தில் அப்படி இல்லை.

நவபாஷாணம் என்றால் ஒன்பது விஷங்கள். அவற்றில் வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக்தான். பாதரசச் சரக்குகள் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். கதையில் வரும் சித்தர் அதைக் கட்டி அமிர்தமாக்கலாம், தவறு இல்லை. 'காயகல்ப ரகசியம்' என்று அட்டை போட்ட புத்தகத்தைப் பார்த்து ஒருவர் வீட்டில் மருந்து கிண்டினால், அல்லது சர்க்கரை வியாதிக்குச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தினால், அடுத்த அத்தியாயம் ஆஸ்பத்திரியில்தான். நாவலாசிரியர் கடைசிப் பக்கத்தில் உண்மையை உடைத்துவிடுவார். இந்தப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கமே கிடையாது.

உண்மையான துப்பு

வேடிக்கை என்னவென்றால், எகிப்துக்கும் தென்னாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தது!

எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒரு கோயிலில் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் சுமார் 7.5 கிலோ மிளகு. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை! அதே கரையில் குசேர் அல்-காதிம் என்ற இடத்தில், 'பானை உறி' என்ற பொருளில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்தது.

அதற்கும் 1,200 ஆண்டுகளுக்கு முந்தியவன் இரண்டாம் ராம்சேஸ். கி. மு. 1213-ல் இறந்தான். பதப்படுத்திய அவன் சடலத்தின் மூக்குத் துவாரத்தில் ஆராய்ச்சியாளர்கள் கண்டது என்ன தெரியுமா? மிளகு!

அந்த மன்னன் ஐயங்கார் அல்லன். ஆனால் மிளகு தெற்கத்தி மிளகாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐயங்கார் தம் நாவல் எதிலும் வைக்காத துப்பு இது.

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்க வருகிறவர்கள், மூட்டையிலிருந்து இரண்டு மணி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் விலை கேட்கிறார்கள்.