வாடகைக்குப் போகும் பெயர்

பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, அந்தக் கணக்கோடு இணைந்த சிம் கார்டு. இந்த மூன்றையும் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் தருகிறோம் என்று கல்லூரி மாணவர்களையும் கூலி வேலைக்குப் போகும் இளைஞர்களையும் தேடி ஆள் வருகிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. கூடப் படித்தவர், ஒன்றாகக் கிரிக்கெட் ஆடியவர், பக்கத்துத் தெருக்காரர். "சும்மா கெடக்குற அக்கவுண்ட்டுதானே தம்பி, உனக்கென்ன நஷ்டம்? கம்பெனிக்காரங்க வருமான வரிக்காகக் கேக்குறாங்க" என்பார். கணக்கில் இருப்பதோ நாற்பது ரூபாய். பையன் கொடுத்துவிடுகிறான்.

சில வாரம் கழித்து, பெயரே கேள்விப்படாத ஊரின் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வருகிறது. இப்படி வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லச் சொல்லி எங்களைப் போன்றவர்களிடம் கொண்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கும். வேறு மாநிலத்தில் யாரோ ஒருவர் இழந்த பணம் இந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது, நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று இருக்கும். "எம் புள்ள யார் வம்புக்கும் போவாதுங்க" என்று தாய் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

இணையக் குற்றம் பற்றி எழுதுகிறவர்கள் 'முகமற்ற குற்றவாளிகள்' என்று எழுதுகிறார்கள். பணத்தின் தடம் பிடித்து வரும் காவல்துறைக்கு முதலில் கிடைப்பது என்னவோ தெளிவான முகம்தான். பெயர், தகப்பன் பெயர், ஆதார் எண், தெரு எல்லாம் உள்ள முகம். திருடியவன் தன்னை மறைத்துக்கொள்ள விலைக்கு வாங்கிய முகம் அது.

வங்கிக்காரர்கள் இதை 'மியூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. அடுத்தவன் பொதியைச் சுமப்பது. நமக்கு இதைவிடப் பழகிய சொல் இருக்கிறது: பினாமி. இடஒதுக்கீட்டில் கிடைத்த பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சிகள் நம்மவர் பெயரில் இருக்க, கல்லாவில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். தனி ஊராட்சியில் தலைவர் கையெழுத்து மட்டும் போட, நிர்வாகத்தை வேறொருவர் நடத்துவதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். காகிதத்தில் நம் பெயர், பலன் அவர்களுக்கு. சிக்கல் வந்தால் மட்டும் பெயருக்கு உரியவரைத் தேடி வருவார்கள். வங்கிக் கணக்கு இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இதன் மறுமுனையில் இருப்பதுதான் டார்க் வெப் எனப்படும் இருள் வலை. நாம் கூகுளில் தேடினால் கிடைக்காத பகுதி அது. 'டோர்' போன்ற தனி மென்பொருள் வழியாகத்தான் உள்ளே போக முடியும். யார் பார்க்கிறார், எங்கிருந்து பார்க்கிறார் என்பது தெரியாதபடி தகவலைப் பல கணினிகள் வழியாகச் சுற்றிவிடும் நுட்பம் அது. அதன் அடிப்படையை 1990களில் உருவாக்கியதே அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம்தான். பத்திரிகையாளர்களும், அடக்குமுறை அரசுகளுக்கு அஞ்சி வாழ்கிறவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கள்ளச் சந்தையும் இதிலேயே நடக்கிறது. 2011இல் தொடங்கி 2013இல் முடக்கப்பட்ட 'சில்க் ரோடு' என்ற சந்தையில் போதைப்பொருளை பிட்காயினுக்கு விற்றார்கள். இன்று அங்கே மும்முரமாக விற்கப்படுகிற சரக்குகளில் ஒன்று, மனிதர்களைப் பற்றிய விவரம். 81.5 கோடி இந்தியர்களின் ஆதார் உள்ளிட்ட விவரங்கள் 80,000 டாலருக்கு விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதாக 2023 அக்டோபரில் ஓர் அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பைசாவுக்கு ஒரு ஆளுக்கு மேல் வருகிறது.

நம் பிள்ளைகள் இந்த ஆபத்துக்குக் கூடுதலாகத் திறந்து கிடக்கிறார்கள். உதவித்தொகை வேண்டுமா, விடுதி வேண்டுமா, தாட்கோ கடன் வேண்டுமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுக் காகிதம்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் முதல் பக்கம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை இடத்தில் இத்தனை முறை தன்னை நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. இந்தக் கட்டு ஜெராக்ஸ் கடைக் கணினியில் இருக்கிறது, பிரவுசிங் சென்டர் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, கல்லூரி அலுவலகத்தின் மேசை மேல் கிடக்கிறது. வெளியே போக இருள் வலைவரை வேண்டியதில்லை; மேசையிலிருந்தே போகும்.

அதனால்தான், "உங்க மகளுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிருக்கு" என்று அழைப்பவருக்குப் பிள்ளையின் பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாம் தெரிந்திருக்கிறது. பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டவுடன் கணக்கில் இருந்தது போய்விடுகிறது. பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இது ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்லி வைத்தாலே பாதி மோசடி நின்றுபோகும். போன பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டோ கிரிப்டோ நாணயமாக மாறியோ மறைகிறது. முதலில் போய் விழும் கணக்கு இன்னொரு காலனிப் பையனுடையதாகக்கூட இருக்கலாம்.

கணக்கு முடக்கப்பட்டால் முடங்குவது மோசடிப் பணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கான 60 விழுக்காடு மாணவர் கணக்குக்கே நேரடியாக வருகிறது. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அப்படியே. தாயின் கணக்கைக் கொடுத்திருந்தால் நூறு நாள் வேலைக் கூலியும் நிற்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில், ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறை. ஏமாற்றி சிம் கார்டு பெறுவதற்கு 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு ஒரு முதல் தகவல் அறிக்கையே போதும், பல ஆண்டு உழைப்பு வீண்.

வெளிநாட்டு வேலை என்று கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அழைத்துப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மோசடி வேலை செய்ய வைக்கும் முகாம்கள் தனிக் கதை. மியான்மரின் மியாவாடிப் பகுதி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் திரும்பி வந்தார்கள். அங்கே வாடகைக்குப் போனது ஆளேதான்.

பெயரை மறைப்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகை வீடு கிடைக்காமல் போகுமே என்று சாதியை மறைத்து வாழ்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர். விடுதிச் சோற்றைப் பற்றிப் புனைபெயரில்தான் எழுத முடியும் என்ற நிலையில் மாணவர்கள் இருக்கிறார்கள். மறைப்பு நமக்குக் கவசமாக இருக்க வேண்டியது. கிடைப்பதோ நம்மைத் திட்டுகிறவர்களுக்கு. போலிக் கணக்கில் வந்து சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறவனுக்குப் பெயர் கிடையாது. புகார் கொடுக்கப் போகிறவரோ சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இணையத்தில் நடந்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வராது என்று காவல் நிலையத்தில் சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். 2022இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் வெளியான இழிவுப் பேச்சுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

பணம் பறிபோனவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் மறிக்க வழியுண்டு. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை ஒன்றிய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

கணக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்துங்கள், சிம்மை முடக்குங்கள், கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். கடிதம் வந்துவிட்டால் பயந்து ஒளிய வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. போகும்போது கணக்கு கேட்டவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் கொண்டு போங்கள். பயத்தில் பையன்கள் முதலில் அழிப்பது அதைத்தான். வாங்கியவர் யார், எந்த எண்ணிலிருந்து கேட்டார், எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.