தானியங்கிக் காரின் சிவப்பு எண்ணெய்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

விஞ்ஞானம் மனிதனின் உழைப்பைக் குறைத்த வழிகள் பல. அவற்றுள் ஒன்று தானியங்கி கியர். கிளட்சை மிதித்துக் கியரை மாற்றும் வேலையைக் காரே செய்துகொள்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் பெயரில் இதனை ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக வெளியிட்டது.

இத்தகைய பழைய கார் உள்ள வீடுகளில் எஞ்சின் ஆயிலை மறவாமல் மாற்றுவார்கள். கியர் பெட்டியின் எண்ணெயையோ எட்டிப் பார்ப்பதில்லை. பெட்டி பழுதானால் அதைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு சில சமயம் பழைய காரின் விலையையே நெருங்கிவிடும். சில லிட்டர் எண்ணெயால் தவிர்க்கக்கூடிய செலவு அது.

இந்த எண்ணெய்க்கு அத்தனை மதிப்பு எதனால்? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றுப்பட்டு மற்றதும் சுழலுமல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால் அதுவே டார்க் கன்வெர்ட்டர். ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்ட முறை இது. எஞ்சினின் வலிமை எண்ணெய் வழியாகவே சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. அத்துடன் நாம் வகுப்பில் படித்த பாஸ்கல் விதிப்படி, எண்ணெயின் அழுத்தமே உள்ளிருக்கும் கிளட்சுத் தகடுகளை இறுக்கிக் கியரை மாற்றுகிறது. தகடுகள் வழுக்காமலும், வெடுக்கென்று பிடிக்காமலும் இருக்க அந்த எண்ணெயில் சில பொருள்களைக் கலக்கிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள் என்றால் தோழியர் நம்புவீர்களா? அமெரிக்காவில் 1973-இல் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்தபின் வேதியியலார் வேறு பொருள் தேட நேர்ந்தது. திமிங்கிலங்கள் பிழைத்தன, கார்களும் ஓடுகின்றன!

இனிச் சோதிக்கும் முறையைக் காண்போம். சற்று தூரம் ஓட்டி எண்ணெய் சூடேறியபின், சமதரையில் காரை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுசென்று, மீண்டும் 'பார்க்' நிலைக்கு வரவேண்டும். பிறகு அளவுக் குச்சியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பார்க்கலாம். சூடான எண்ணெய்க்கும் குளிர்ந்த எண்ணெய்க்கும் குச்சியில் தனித்தனிக் குறிகள் இருக்கும். ஹோண்டா கார்கள் பலவற்றில் மட்டும் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். ஆகவே அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே சட்டம்.

குச்சியில் அளவு மட்டுமா தெரிகிறது? எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் நலம். பழுப்பானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் தகடுகள் கருகியுள்ளன. பால் கலந்த ரோஜா நிறமானால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்துவிட்டது; அந்தக் காரை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நல்லது.

நாங்கள் மூவர் ஒரு சனிக்கிழமையன்று, எங்கள் தோழி ஒருத்தியின் மாமாவுடைய 1990களின் டொயோட்டா கரோலாவில் எண்ணெயை மாற்றிப் பார்த்தோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நீட்டக் கூடாது என்று மாமா முதலில் இரும்புத் தாங்கிகளை வைத்தார். எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது வடிகால் திருகைக் கழற்றினோம். வடிந்ததை அளவுக் குவளையில் பிடித்தோம். சுமார் இரண்டரை லிட்டர். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவே திரும்ப ஊற்ற வேண்டுமாதலால் இந்த அளவை எழுதி வைப்பது அவசியம். அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே வடிகட்டியும் காந்தங்களும் இருக்கும். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பே. இரும்புச் சில்லுகள் கிடைத்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள்.

நீண்ட குழாயுள்ள புனலைக் குச்சி செருகும் குழலிலேயே வைத்துப் புது எண்ணெயை ஊற்றினோம். எஞ்சினை ஓடவிட்டு, கியர்களை மாற்றி, மறுபடி அளந்து, மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம். அதிகம் ஊற்றுவதும் கெடுதலே. சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நில்லாது, கியர் வழுக்கும். எந்த எண்ணெயும் ஆகும் என்று எண்ணலாகாது. அந்தக் கரோலாவுக்கு 'டெக்ஸ்ரான் 2' வகை என்று கையேடு கூறியது. இன்று அதற்கு ஈடான புதிய வகைகள் கிடைக்கின்றன.

ஒருமுறை வடித்தால் எல்லாம் மாறிவிடுவதில்லை. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது அங்கேயே தங்கிவிடும். பத்தில் நான்கு பங்கு வடிவதாகக் கொள்வோம். முதல்முறை புதிய எண்ணெய் 40 சதவீதம். சில நாள் ஓட்டி மறுமுறை மாற்றினால் 64, மூன்றாம் முறை 78 சதவீதம். கணக்கு வகுப்பில் அலுத்துப்போன சதவீதம் இங்கே இனித்தது!

பல்லாண்டு மாற்றாத காரில் புது எண்ணெய் ஊற்றினால் பெட்டி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. தகடுகள் முன்பே தேய்ந்திருந்தால் எந்த எண்ணெயும் அவற்றை வளர்க்காது. பழி மட்டும் புதியதன்மேல் விழும். தீய்ந்த வாடையில்லாத பழுப்பு எண்ணெயைத் தயங்காமல் மாற்றலாம் என்பது எங்கள் கருத்து. இயந்திரத்தால் பீய்ச்சிக் கழுவுவதைவிட, இப்படிச் சிறிது சிறிதாக மாற்றுவதே பழைய பெட்டிக்கு உகந்தது.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டோம். அன்றிரவு காருக்கடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வைத்தோம். சிவப்புத் துளி விழுந்தால் வடிகால் திருகு சரியாக இறுகவில்லை என்று தெரியும். காலையில் அட்டை உலர்ந்தே இருந்தது.