கேம் கன்சோல் வாங்கப் போகிறீர்களா? பெட்டிக்குள் இல்லாததையும் பாருங்கள்

திருத்தணியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் கேம் விளையாட வேண்டும் என்கிறான். கம்ப்யூட்டரிலேயே கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுக்கலாமா? அல்லது டிவியில் இணைக்கும் கேம் கன்சோல் வாங்கலாமா?" இதற்கு நான் சொல்லும் பதில், 2006ஆம் ஆண்டு என் தங்கை வீட்டில் கற்ற பாடம்.

அதற்கு முன் எங்கள் ஊரில் வீடியோ கேம் என்றால், ஆடிக் கிருத்திகைக்கு முளைக்கும் கடைகளில் விற்கும் டிவி கேம்தான். கேசட்டின் மேல் 9999 கேம்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்களே திரும்பத் திரும்ப வரும். பெட்டியின் மேல் உள்ளதை அப்படியே நம்பக் கூடாது என்று அப்போதே நாங்கள் தெரிந்து கொண்டிருக்க வேண்டும்!

இரண்டு பெட்டிகள், இரண்டு விலைகள்

மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை 2005 நவம்பர் 22 அன்று அமெரிக்காவில் வெளியிட்டது. இந்தியாவிற்கு அது 2006 செப்டம்பர் 25ல் வந்தது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கும் இந்தி நடிகர் அக்ஷய் குமாரும் அதற்கு விளம்பரம் செய்தனர்.

கோர் என்ற மாடலின் விலை ரூ.19,990. அதற்கு மேலான மாடல் ரூ.23,990. அமெரிக்காவில் கோர் மாடலின் விலை 299.99 டாலர். அன்று ஒரு டாலர் சுமார் 46 ரூபாய். அந்தக் கணக்கில் ரூ.13,800தான் வரும். இங்கே வாங்கியவர் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய் கூடுதலாகத் தந்தார்.

ஹார்ட்வேரைப் பார்த்தால் விலை அதிகம் என்று சொல்ல முடியாது. 3.2 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும், மூன்று கோர்கள் கொண்ட ஐபிஎம் ப்ராசசர். ஏடிஐ நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப். ப்ராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் பகிர்ந்து கொள்ளும் 512 எம்பி மெமரி. டிவிடி டிரைவ். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 256 எம்பி ராம் இருந்த காலம் அது.

இவை இரண்டு மாடல்களுக்கும் பொது. அப்படியென்றால் நான்காயிரம் ரூபாய் வித்தியாசம் எதற்கு? விலை கூடிய பெட்டியில் 20 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் வயர் இல்லாத கண்ட்ரோலரும் இருந்தன. கோர் பெட்டியில் வயருடன் கூடிய கண்ட்ரோலர் இருந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை.

சீட்டுப் பணம்

என் தங்கை வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். அந்தத் தீபாவளிக்கு, ஏலச் சீட்டு எடுத்த பணத்தில் மகனுக்குக் கன்சோல் வாங்கித் தர முடிவு செய்தாள். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் மாப்பிள்ளையும் ரயிலில் சென்னை சென்று, ஒரு கடையில் கோர் மாடலும் ஒரு கேம் டிஸ்க்கும் வாங்கினோம். நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று எனக்குப் பெருமை வேறு!

இரண்டு நாள் கழித்து மருமகன் கடைக்கு ஓடி வந்தான். "மாமா, விளையாடினது எதுவுமே சேவ் ஆகல!"

ஹார்ட் டிஸ்க் இல்லாத கன்சோல் எங்கே சேவ் செய்யும்? கம்ப்யூட்டர் தொழிலில் இருந்து கொண்டு இதை நான் யோசிக்கவில்லை. அதுவரை விளையாடியது அழியாமல் இருக்க, பையன் இரவு முழுவதும் கன்சோலை அணைக்காமலே வைத்தான். ஒரு விடியற்காலையில் கரண்ட் போனது. பள்ளிக்குப் போகும்வரை அவன் யாரிடமும் பேசவில்லை.

தவறு எங்களுடையதுதான். உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலைப் பெட்டியிலேயே படித்திருக்கலாம். பிறகு 64 எம்பி மெமரி யூனிட் தனியாக வாங்கினோம். ஆனால் சில கேம்களுக்கு ஹார்ட் டிஸ்க் கட்டாயம் என்பதும், முந்தைய எக்ஸ்பாக்ஸ் கேம்களை ஓட்டவும் அது வேண்டும் என்பதும் அதன் பின்னரே தெரிந்தது. ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிய பிறகு கணக்குப் பார்த்தால், விலை கூடிய பெட்டியைவிட அதிகமாகவே செலவு செய்திருந்தோம். அந்தப் பணத்தை என் தங்கை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏன் இப்படி விற்கிறார்கள்?

கன்சோலை மட்டும் விற்று லாபம் பார்ப்பது இத்தொழிலின் வழக்கம் அல்ல. 2006ல் அமெரிக்காவில் வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் 3, 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். அதைத் தயாரிக்க 840 டாலர் ஆகும் என்று ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. இந்த இழப்பைக் கேம்கள் மூலமும் துணைப் பொருள்கள் மூலமும் ஈடு செய்கிறார்கள். ஆகவே பெட்டியின் விலை உங்கள் செலவின் தொடக்கம் மட்டுமே.

குறைந்த விலைக் கேம்களும் வந்தன. ஐதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009ல் பிளேஸ்டேஷன் 2க்கு ரூ.499க்கு வெளியானது. ஆனால் பிளேஸ்டேஷன் 5க்குச் சோனி வெளியிட்ட பெரிய கேம்கள் ரூ.4,999 வரை விற்றன.

அதே கதை, புதிய பெட்டி

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தது. டிஸ்க் டிரைவ் உள்ளது ரூ.49,990. டிரைவ் இல்லாதது ரூ.39,990. 2022 நவம்பரில் இரண்டும் ஐயாயிரம் ரூபாய் ஏறின.

டிரைவ் இல்லாவிட்டால் பழைய டிஸ்க்குகளை வாங்கவோ, விளையாடி முடித்ததை விற்கவோ முடியாது. எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கி டவுன்லோட் செய்ய வேண்டும். டிஸ்க் மூலம் ஒரு கேமுக்கு 2,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக் கொண்டால், ஐந்து கேம்களில் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் தீர்ந்துவிடும். 2023ல் வந்த மெலிந்த மாடலில் டிரைவைப் பின்னர் மாட்டிக் கொள்ளலாம். அது தனிச் செலவு.

வாங்கும் முன் கவனியுங்கள்

1. பெட்டியின் விலையோடு, ஓராண்டில் வாங்கப் போகும் கேம்கள், கூடுதல் கண்ட்ரோலர், சேமிப்பு இடம் ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டு விலையுடன் ஒப்பிடுங்கள். கார்டுக்கு ஏற்ற பவர் சப்ளை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதா என்பதையும் கேளுங்கள்.

2. வெளிநாட்டு உறவினர் பழைய கன்சோல் கொண்டு வந்தால், அடாப்டரில் 100-240 வோல்ட் என்று உள்ளதா எனப் பார்த்த பிறகே பிளக்கில் செருகுங்கள். அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் 360 அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றது அல்ல.

3. பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கினால் எச்டிஎம்ஐ இணைப்பு உள்ளதா என்று பாருங்கள். முதலில் வந்தவற்றில் அது இல்லை. அதன் இணையக் கடையும் 2024 ஜூலை 29ல் மூடப்பட்டுவிட்டது. எனவே டிஸ்க்குகளையே நம்ப வேண்டும்.

4. டவுன்லோட் செய்வதானால் உங்கள் இணைய இணைப்பின் வேகத்தையும் மாத அளவையும் சரி பாருங்கள். இன்றைய கேம்கள் பல 50 ஜிபிக்கும் மேல்.

என் மருமகன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் கன்சோல் வாங்கக் கடைக்குப் போனவன் அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். "மாமா, பெட்டியில இருக்கிற லிஸ்ட்டை முதல்ல படிக்கிறேன், கேளுங்க" என்றான். ஒவ்வொன்றாகப் படித்தான். முடித்ததும் நான் கேட்டது ஒன்றே. "இதில் எது இல்லை?" நீங்களும் கடைக்காரரிடம் முதலில் அதையே கேளுங்கள்.