நடந்தவர்களும் சொன்னவர்களும்: நெடுந்தூர நடை பற்றிய மக்கள் எண்ணம் உருவான விதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மக்கள் மாதக்கணக்கில் நடந்து கடக்கும் பெரும் பாதைகளுள் இரண்டு உலகெங்கும் பெயர் பெற்றவை. கிழக்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் முகட்டுப் பாதை 4,200 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. கிழக்குப் பாதையை ஒரே ஆண்டில் முழுதாக நடந்துவிடும் நோக்குடன் புறப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே முடிக்கின்றனர்.

இவ்வகை நடையைப் பற்றி வெகுமக்கள் மனத்தில் பதிந்துள்ள சித்திரத்தைத் தீட்டியதில் மூன்று நூல்களுக்கும், அவற்றைத் தழுவிய திரைப்படங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. ஜான் கிராக்கவர் 1996இல் வெளியிட்ட ‘இன்டு தி வைல்ட்’ 2007இல் படமாயிற்று. பில் பிரைசனின் ‘எ வாக் இன் தி வுட்ஸ்’ 1998இல் நூலாகவும் 2015இல் படமாகவும் வந்தது. செரில் ஸ்ட்ரெய்ட் எழுதிய ‘வைல்ட்’ 2012இல் வெளியாகி, 2014இல் திரைக்கு வந்தது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. பிரைசன் நடந்தது ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அதாவது பாதையில் ஐந்தில் இரண்டு பங்கு. ஸ்ட்ரெய்ட் 1995இல் நடந்தது ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர். அவ்வாண்டுப் பனிமிகுதியால் சியரா நெவாடாவின் உயர்ந்த பகுதியை அவர் சுற்றிக் கடந்தார். கிராக்கவர் எழுதிய கிறிஸ் மெக்கேன்ட்லஸ் என்னும் இளைஞரோ இத்தகைய நெடும்பாதை எதையும் முழுதாக நடக்க முனைந்தவரே அல்லர். நெடுநடையை உலகிற்கு அறிமுகம் செய்த கதைகளின் நாயகர் எவரும் அந்நடையை முடித்தவரில்லை.

இது குறையன்று. பிரைசனோ ஸ்ட்ரெய்டோ இதனை மறைக்கவுமில்லை. ஆயினும் இதற்குக் காரணம் உண்டு. ஐந்து மாத நடையின் பெரும்பகுதி ஒரே செயலின் மீள்நிகழ்வாகும். எழுதல், கூடாரத்தை மடித்தல், நடத்தல், அடுத்த நீரூற்று எங்கே எனக் கணக்கிடல், காலின் கொப்புளத்தைக் கவனித்தல், உண்டு உறங்குதல். வழியிலுள்ள சிற்றூர் அஞ்சலகங்களுக்கு உணவுப் பொதிகளை முன்கூட்டியே அனுப்பி வைப்பதும், பாலைப் பகுதிகளில் பல லிட்டர் நீரை முதுகில் சுமப்பதும் இந்நடையின் உயிர்நாடி. கதைக்கு இவை போதா. அதற்கு ஒரு துயரமும் ஒரு திருப்பமும் வேண்டும். ஸ்ட்ரெய்டின் நூலில் அது தாயின் மரணம். பிரைசனிடத்தில் நகைச்சுவைத் துணைவர் ஒருவரும் கரடி அச்சமும். அப்பாதையில் வாழும் கருங்கரடி மனிதரைக் கொல்வது மிக அரிது. குளிரில் உடல் வெப்பம் இழத்தலும், வழுக்கி வீழ்தலும், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயும் அங்கே மெய்யான இடர்கள். ஆனால் உண்ணியை அட்டைப்படத்தில் அச்சிட்டு எவரும் நூல் விற்பதில்லை.

திரைப்படம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 1996இல் நடந்தபோது பிரைசன் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். படத்தில் அவராக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டு எண்பதை நெருங்கியவர். இரு நடுவயதினரின் கதை, அவ்வொரு தெரிவினாலேயே முதுமையின் கடைசி வீரச்செயலாக மாறிற்று.

பயணத்தைச் சொல்வது ஒருவர், அதற்கு வடிவம் தருவது வேறொரு மரபு என்பது நமக்குப் புதிதன்று. 1325இல் தஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் பயணநூலை எழுதி முடித்தவர் இப்னு ஜுஸய்யி. மக்கா, மதீனா, திமஷ்கு பற்றிய வருணனைகளில் முன்னோடி இப்னு ஜுபைரின் வரிகள் கலந்துள்ளதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். வாசகர் எதிர்பார்த்த வருணனை அந்நகரங்களுக்கு ஏற்கெனவே இருந்தது.

இச்சித்திரங்கள் பாதைகளை எவ்வாறு பாதித்தன? ‘வைல்ட்’ நூலை ஓப்ரா வின்ஃப்ரி தம் வாசகர் குழுவுக்கு 2012இல் தேர்ந்தெடுத்தார். பசிபிக் முகட்டுப் பாதையில் நெடுந்தூரம் நடக்க 2013இல் வழங்கப்பட்ட அனுமதிச்சீட்டுகள் 2,000க்கும் குறைவு. 2019இல் அவை ஏறத்தாழ 7,900. சமூக ஊடகங்களும், எடை குறைந்த கருவிகளும் இவ்வுயர்வில் பங்கு கொண்டன என்பதால் முழுவதையும் ஒரு நூலின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. எனினும், மெக்சிகோ எல்லையிலிருந்து வடக்கே புறப்படுவோரை நாளொன்றுக்கு 50 பேராக 2015இல் வரையறுக்க வேண்டியதாயிற்று. தனிமையைத் தேடிச் சென்ற ஒருவரின் கதை, அப்பாதையில் தனிமையை அரிதாக்கியது.

ஸ்ட்ரெய்டின் நூல் ஆயத்தமற்றோரைப் பாதைக்கு அனுப்பிவிட்டது என்பாரும் உளர். நாம் இதனை முழுதும் ஏற்பதற்கில்லை. தூக்கவியலாத சுமை, சிறியதான காலணி, தவறான எரிபொருள் என அவர் தம் பிழைகளை ஒளிக்காது எழுதியுள்ளார். எச்சரிக்கையாக எழுதப்பட்டது ஊக்கமாக வாசிக்கப்பட்டது என்பதே நம் கருத்து. ‘அவரால் முடிந்ததென்றால் நம்மாலும் முடியும்’ என்று வாசகர் நினைப்பதை எந்த ஆசிரியரால் தடுக்க இயலும்?

இதற்கு முன்னுதாரணம் உண்டு. அப்பலாச்சியன் பாதையை இனிய உலாவாகக் காட்டிய ஓர் இதழ்க் கட்டுரையை ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’கில் வாசித்த எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, 1954இல் முயன்று தோற்றார். 1955இல், 67ஆம் வயதில், துணிக்காலணியும் தாமே தைத்த தோள்பையுமாக முழுப்பாதையையும் நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளின் தாய் அவர். கட்டுரை சொன்னவாறு பாதை இல்லை என்பதைப் பின்னர் ஒளிவின்றிக் கூறினார்.

மிகைச்சித்திரம் எல்லோரையும் இவ்வாறு கரைசேர்ப்பதில்லை. 1992இல் மெக்கேன்ட்லஸ் அலாஸ்காவின் ஹீலி ஊருக்கு மேற்கே, ஸ்டாம்பீட் தடத்தில் கைவிடப்பட்டிருந்த பேருந்தில் ஏறத்தாழ நான்கு மாதம் வாழ்ந்து, 24ஆம் வயதில் அங்கேயே மாண்டார். திரும்பிவர முயன்ற அவரைத் தடுத்தது பெருக்கெடுத்த டெக்லானிகா ஆறு. நூலும் படமும் அப்பேருந்தை யாத்திரைத் தலமாக்கின. அதனைக் காணும் பயணத்தில் அதே ஆற்றைக் கடக்கையில் 2010இல் ஒரு பெண்ணும் 2019இல் மற்றொரு பெண்ணும் உயிரிழந்தனர். மீட்கப்பட்டோர் இன்னும் பலர். நாயகனைத் தடுத்த ஆறு இன்னதென நூலில் படித்தவர்கள் அதே ஆற்றில் இறங்கினர். இறுதியில் 2020 ஜூனில் இராணுவ ஹெலிகாப்டர் அப்பேருந்தைத் தூக்கிச் சென்றது. பின்னர் அது ஃபேர்பேங்க்ஸ் நகரிலுள்ள வடக்கு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் விடப்பட்டது.

மேற்கூறிய கதைகளில் பெரிதும் இடம்பெறாத ஒரு கூட்டத்தாரும் உண்டு. அப்பலாச்சியன் பாதையை பென்டன் மெக்கே 1921இல் முன்மொழிந்தார். 1937இல் அது முழுமையடைந்தது. அன்றுமுதல் அதனைப் பேணுவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே. வீழ்ந்த மரங்களை அறுப்பதும், மழைநீர் பாதையை அரிக்காவண்ணம் கல் பதிப்பதும், வழிதவறாதிருக்க மரங்களில் வெண்பட்டைகள் தீட்டுவதும் அவர்கள் பணி. மனிதன் தொடாத காடு எனப் படங்கள் காட்டும் இடத்தில், நடப்பவர் அடுத்த அடியை எங்கே வைப்பதென முடிவு செய்வது பெரும்பாலும் அவ்வெண்பட்டையைப் பார்த்துத்தான்.